சர்வர் மென்பொருளைச் சோதிக்க விஎம் ஸ்னாப்ஷாட்: எடுப்பது, திரும்புவது, அழிப்பது

டெபியன் 12 என்கிற லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் ஒரு சர்வரை டெபியன் 13-க்கு ஏற்ற வேண்டும். அதோடு சேர்ந்து போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 15-ஆம் பதிப்பு போய் 17 வரும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் இதை முதல் தடவையாகச் செய்து பார்க்க யாரும் துணிய மாட்டார்கள். சோதனைக்கென்று ஒரு மெய்நிகர் இயந்திரம், அதாவது விஎம், வைத்து அதில் செய்து பார்ப்பார்கள். கெட்டால் பழைய நிலைக்குத் திரும்பி மறுபடி செய்வார்கள். அப்படித் திரும்ப உதவுவதுதான் ஸ்னாப்ஷாட்.

எடுப்பது ஒரு சொடுக்கு வேலை. அதைச் சரியான நேரத்தில் எடுக்காததாலும், திரும்பிய பிறகு என்னென்ன முரண்படும் என்று யோசிக்காததாலும், வேலை முடிந்தும் அழிக்காமல் விட்டதாலும்தான் பெரும்பாலான சிக்கல்கள் வருகின்றன. இங்கே சொல்லும் படிகள், விஎம்களை இயக்கும் மென்பொருளான (ஹைப்பர்வைசர்) பிராக்ஸ்மாக்ஸை வைத்தவை. அதே வகை மென்பொருள்களான விஎம்வேரிலும் ஹைப்பர்-வியிலும் மாறும் இடங்களை அங்கங்கே சுட்டியிருக்கிறோம்.

உள்ளே என்ன நடக்கிறது

ஸ்னாப்ஷாட் எடுத்தவுடன் டிஸ்க் முழுவதும் நகலாகிவிடுவதில்லை. அந்த நொடியில் டிஸ்க்கில் இருந்த பிளாக்குகள் (தரவைச் சேமிக்கும் சிறு துண்டுகள்) உறைந்து நிற்கும். அதன்பின் எழுதப்படுபவை வேறு இடத்தில் சேரும். விஎம்வேரில் அது டெல்டா என்கிற தனிக் கோப்பு. கியூகவ்2 என்கிற டிஸ்க் கோப்பு வடிவத்தில் அதே கோப்புக்குள்ளேயே நடக்கும். எல்விஎம்-தின், இசட்எஃப்எஸ் ஆகிய சேமிப்பு முறைகளில் ஸ்டோரேஜே அதைப் பார்த்துக்கொள்ளும். எடுக்கும்போது இடம் பிடிக்காதது, நாளாக நாளாக வளர்ந்துகொண்டே போவதற்குக் காரணம் இதுதான். எல்லா பிளாக்கும் ஒருமுறை மாற்றி எழுதப்பட்டால் அது மூல டிஸ்க் அளவுக்கே வந்து நிற்கும்.

இன்னொன்றும் இதிலிருந்து தெரியும். பழைய பிளாக்குகள் இல்லாமல் ஸ்னாப்ஷாட்டுக்குத் தனி வாழ்வு கிடையாது. டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். பேக்கப் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்னாப்ஷாட்டை வைத்து நிம்மதியாக இருப்பவர்கள் இன்னும் நிறையவே இருக்கிறார்கள். பிராக்ஸ்மாக்ஸ் எடுக்கும் விஎம் பேக்கப்பில் ஸ்னாப்ஷாட்டுகள் சேராது என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

படி 1: ஸ்டோரேஜைப் பாருங்கள்

இசட்எஃப்எஸ், எல்விஎம்-தின், செஃப், கோப்புறையில் வைத்த கியூகவ்2 ஆகிய எல்லாவற்றிலும் ஸ்னாப்ஷாட் எடுக்கலாம். கோப்புறையில் ரா வடிவத்தில் டிஸ்க் இருந்தால் முடியாது. சாதாரண எல்விஎம்மிலும் வழக்கமாக முடியாது. பிராக்ஸ்மாக்ஸ் 9-இல் அது முன்னோட்ட நிலையில்தான் வந்திருக்கிறது. ஒரு விஎம்மில் மூன்று டிஸ்க் இருந்து அதில் ஒன்று மட்டும் ஆதரவில்லாத ஸ்டோரேஜில் இருந்தாலும் பொத்தான் வேலை செய்யாது.

இசட்எஃப்எஸ் வைத்திருப்பவர்களுக்கு முக்கியமான ஒரு கட்டுப்பாடு உண்டு. பிராக்ஸ்மாக்ஸில் கடைசியாக எடுத்த ஸ்னாப்ஷாட்டுக்கு மட்டுமே திரும்ப முடியும். நான்கு எடுத்து வைத்து இரண்டாவதற்குப் போக வேண்டுமென்றால் மூன்றையும் நான்கையும் அழித்தாக வேண்டும். மரக்கிளை போலப் பிரிந்து பிரிந்து சோதிக்கத் திட்டமிருந்தால் கியூகவ்2 அல்லது எல்விஎம்-தின் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு இடக் கணக்கு. 60 ஜிபி டிஸ்க், அதில் 25 ஜிபி தரவுத்தளம் என்று வைத்துக்கொள்வோம். டம்ப் முறையில், அதாவது தரவை வெளியே எடுத்துப் புதிய பதிப்பில் மறுபடி ஏற்றி, பதிப்பு மாற்றினால் தரவு புதிதாக இன்னொரு முறை எழுதப்படும், அதாவது 25 ஜிபி வரை. இயங்குதள மேம்பாட்டுக்கு இரண்டு மூன்று ஜிபி. இண்டெக்ஸ்களை (தேடலை வேகமாக்கும் பட்டியல்கள்) மறுபடி கட்டினால் அதன் அளவும் கூடும். எல்லாம் சேர்த்து 40 ஜிபியாவது ஸ்டோரேஜில் காலியாக இல்லாமல் தொடங்க வேண்டாம். விஎம்முக்குள் பழைய கோப்புகளை அழித்து டிரிம் (காலி இடத்தை ஸ்டோரேஜுக்குத் தெரிவிக்கும் கட்டளை) கொடுத்தாலும் இடம் திரும்பக் கிடைக்காது. ஸ்னாப்ஷாட் அந்த பிளாக்குகளை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

எல்விஎம்-தின் பூல், அதாவது விஎம்கள் பகிரும் சேமிப்பிடம், நிரம்பினால் அந்த ஒரு விஎம் மட்டும் நிற்காது, அதே பூலில் இருக்கும் எல்லா விஎம்களும் எழுத முடியாமல் தவிக்கும். எல்விஎஸ் கட்டளை தரும் தரவு சதவீதத்தோடு மெட்டா சதவீதத்தையும் பாருங்கள். எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்று குறிக்கும் மெட்டாடேட்டா பகுதி நிரம்பினால் சரிசெய்வது இன்னும் கடினம். இரண்டில் எது 80-ஐத் தாண்டியிருந்தாலும் முதலில் பூலைப் பெரிதாக்குங்கள்.

படி 2: சோதனை விஎம்மைப் பேக்கப்பிலிருந்து உருவாக்குங்கள்

உண்மையான சர்வரை குளோன் செய்வதைவிட அதன் பேக்கப்பை வேறு எண்ணில் மீட்டெடுப்பது மேல். பேக்கப் வேலை செய்கிறதா என்பதும் அதே வேலையில் தெரிந்துவிடும். மீட்டெடுக்கும் பெட்டியில் யுனிக் என்பதைத் தேர்வு செய்யுங்கள். இல்லாவிட்டால் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) இரண்டு விஎம்களுக்கும் ஒன்றாகவே இருக்கும். மீட்டெடுத்ததும் தானாகத் தொடங்கும் விருப்பத்தைத் தேர்வு செய்யாதீர்கள்.

தொடங்குவதற்கு முன்பே நெட்வொர்க் கார்டில் டிஸ்கனெக்ட் பெட்டியைத் தேர்வு செய்யுங்கள், அல்லது வெளியே செல்லும் போர்ட் எதுவும் இணைக்காத தனி பிரிட்ஜுக்கு (விஎம்களை இணைக்கும் மெய்நிகர் ஸ்விட்ச்) மாற்றுங்கள். இந்த வரிசை முக்கியம். விஎம்மின் அமைப்பும் ஸ்னாப்ஷாட்டோடு சேர்ந்தே பதிவாகிறது. ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகு நெட்வொர்க்கைத் துண்டித்தால், திரும்பும் ஒவ்வொரு முறையும் நெட்வொர்க் இணைந்த நிலையிலேயே விஎம் எழுந்து நிற்கும். நினைவகம், சிபியு எண்ணிக்கை மாற்றங்களுக்கும் இதே கதிதான்.

பேக்கேஜ்களை இறக்க வழி வேண்டுமே? தனி பிரிட்ஜிலேயே ஆப்ட்-கேச்சர் (பேக்கேஜ்களை இறக்கி வைத்துக் கொடுக்கும் சேவை) ஒன்றை வைத்து 3142 போர்ட்டை மட்டும் திறந்து விடுங்கள். அஞ்சல் போகும் 25, 465, 587 போர்ட்டுகள் கண்டிப்பாக மூடியிருக்க வேண்டும். சோதனை விஎம்மில் இருக்கும் கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடுவது) ஒன்று வாடிக்கையாளர்களுக்கு உண்மையான பில்லை அனுப்பிவிட்டால் எந்த ரோல்பேக்கும் (ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புவது) அதைத் திரும்பப் பெறாது.

படி 3: ஸ்னாப்ஷாட்டுக்கு முன் விஎம்மைத் தயார்செய்யுங்கள்

தொடங்கி உள்ளே போனதும் செய்ய வேண்டியவை:

1. டெபியன் 12-இன் எல்லா அப்டேட்டுகளையும் முடித்து ஒருமுறை ரீபூட் செய்யுங்கள். ஒவ்வொரு ரோல்பேக்குக்குப் பிறகும் இதே வேலையைத் திரும்பச் செய்யும் தொல்லை இருக்காது.
2. விஎம்முக்குள் இருந்து பிராக்ஸ்மாக்ஸோடு பேசும் கெஸ்ட் ஏஜென்ட் பேக்கேஜை நிறுவுங்கள். விஎம்மின் ஆப்ஷன்ஸிலும் அதை இயக்குங்கள். உள்ளிருந்து ரீபூட் செய்தால் போதாது. முழுதாக அணைத்துத் தொடங்கினால்தான் அந்த அமைப்பு நடைமுறைக்கு வரும்.
3. கிரான் வேலைகளையும் வெளியுலகைத் தொடும் சேவைகளையும் நிறுத்துங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் அஞ்சல் சேவையின் வரிசையில் அஞ்சல் இருந்தால் காலி செய்யுங்கள். வரிசையோடு ஸ்னாப்ஷாட் எடுத்தால், ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அதே அஞ்சல்கள் மறுபடி கிளம்பத் தயாராக நிற்கும்.
4. போஸ்ட்கிரெஸ் தன் வால் (WAL, மாற்றங்களை முன்கூட்டியே பதியும்) கோப்புகளை வெளி ஆர்க்கைவுக்கு அனுப்பும்படி அமைத்திருந்தால் அந்த முகவரியை மாற்றுங்கள்.

நான்காவதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ரோல்பேக் ஆன தரவுத்தளம் ஏற்கெனவே எழுதிய வால் கோப்பு எண்களிலேயே மறுபடி எழுதத் தொடங்கும். பெயர் ஒன்று, உள்ளடக்கம் வேறு. ஆர்க்கைவ் கட்டளை பழைய கோப்பின் மேல் எழுத மறுத்தால் ஆர்க்கைவிங் நின்றுபோகும், லாகில் பிழை குவியும். மறுக்காமல் எழுதிவிட்டால் இன்னும் மோசம்: ஆர்க்கைவில் இரண்டு வரலாறுகள் கலந்துவிடும், மீட்டெடுக்கும் நாளில்தான் அது தெரியவரும். உண்மையான சர்வரின் ஆர்க்கைவை நோக்கி ஒரு சோதனை விஎம் எழுதுவதென்றால், அந்த ஆர்க்கைவையே இழக்கத் தயாராக இருக்கிறோம் என்று பொருள்.

படி 4: முதல் ஸ்னாப்ஷாட், அணைத்த நிலையில்

மூன்று விதமாக எடுக்கலாம்: அணைத்து, ஓடும்போது ரேம் இல்லாமல், ஓடும்போது ரேமோடு.

அணைத்து எடுப்பதே எங்கள் பரிந்துரை. சேவைகள் ஒழுங்காக மூடியிருக்கும், கோப்பு முறை சுத்தமாக இருக்கும், நினைவகத்தில் தொங்கும் எதுவும் இருக்காது. இரண்டு நிமிடம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான்.

ஓடும்போது ரேம் இல்லாமல் எடுத்தால், திரும்பும்போது மின்சாரம் திடீரென்று போய் வந்த சர்வர் போல எழும். கெஸ்ட் ஏஜென்ட் இருந்தால் எடுக்கும் நொடியில் கோப்பு முறை உறைய வைக்கப்படும், அதனால் நிலைமை ஓரளவு மேம்படும். போஸ்ட்கிரெஸ் வால் பதிவுகளை வைத்து மீண்டுவிடும். ஆனால் வேகத்துக்காக எஃப்சிங்கை (எழுதியதை உடனே டிஸ்க்கில் உறுதிசெய்வது) அணைத்து வைத்திருந்தால் அந்த உத்தரவாதம் இல்லை.

ரேமோடு எடுப்பது ஒரு குறிப்பிட்ட தருணத்தைப் பிடிக்கத்தான்: ஆறு மணி நேரம் ஓடிய பிறகு மட்டும் வரும் பிழை, திறந்திருக்கும் பரிவர்த்தனைகளோடு நடக்கும் பூட்டுச் சிக்கல் போன்றவை. விஎம்மின் ரேம் அளவுக்கு ஸ்டோரேஜில் இடம் பிடிக்கும், எடுக்க நேரமும் ஆகும். திரும்பிய பிறகு வரும் தொல்லைகளில் பாதி இந்த வகையால்தான். பெட்டியில் இன்க்ளூட் ரேம் தேர்வாகியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கவனியுங்கள்.

ஹைப்பர்-வியில் இதன் பெயர் செக்பாயிண்ட். விண்டோஸ் சர்வர் 2016 முதல் அங்கே புரொடக்‌ஷன் வகை, ஸ்டாண்டர்ட் வகை என்று இரண்டு உண்டு. முதலாவது விண்டோஸின் விஎஸ்எஸ் சேவை வழியாக மென்பொருள்களை ஒழுங்குக்குக் கொண்டுவந்து டிஸ்க்கை மட்டும் பிடிக்கும். இரண்டாவது நினைவகத்தையும் பிடிக்கும். சர்வர்களுக்கு முதலாவதே போதும்.

பெயரை அர்த்தத்தோடு வையுங்கள், இடைவெளி விடாமல். "டெஸ்ட்1", "புதுசு", "கடைசி" போன்ற பெயர்கள் ஒரு வாரத்தில் யாருக்கும் புரியாது. விளக்கப் பகுதியில் எந்தப் பதிப்பு, எந்த நிலை, யார் எடுத்தது, எந்தத் தேதியில் அழிக்கலாம் என்று எழுதுங்கள். அழிக்கும் தேதி இல்லாத ஸ்னாப்ஷாட்டை அழிக்க அப்புறம் யாருக்கும் தைரியம் வருவதில்லை.

படி 5: சோதனைக்கு முன் ரோல்பேக்கைச் சோதியுங்கள்

விஎம்மைத் தொடங்கி, ரூட்டின் வீட்டுக் கோப்புறையில் ஒரு காலிக் கோப்பை உருவாக்குங்கள். தரவுத்தளத்திலும் ஒரு அட்டவணை போடுங்கள். அணைத்து, ரோல்பேக் கொடுத்து, மறுபடி தொடங்குங்கள். இரண்டும் காணாமல் போயிருக்க வேண்டும், போஸ்ட்கிரெஸ் பிழையில்லாமல் எழ வேண்டும்.

கோப்பு போய் அட்டவணை மட்டும் இருக்கிறதென்றால் தரவு வேறெங்கோ இருக்கிறது. விஎம்முக்குள்ளிருந்து ஏற்றிய என்எஃப்எஸ், ஐஸ்கஸி போன்ற நெட்வொர்க் சேமிப்பிடங்கள் எந்த ஸ்னாப்ஷாட்டிலும் சேராது. விஎம்வேரில் இண்டிபென்டென்ட் என்று குறித்த டிஸ்க்கும் சேராது. இயங்குதளம் நேற்றைய நிலையில், தரவு இன்றைய நிலையில் என்று ஒரு சர்வர் நின்றால், அதில் கிடைக்கும் எந்தச் சோதனை முடிவும் பயன்படாது.

படி 6: மேம்பாடு, இடையில் இரண்டாவது ஸ்னாப்ஷாட்

ஆப்ட் (பேக்கேஜ் கருவி) மூலங்களில் டெபியன் 12-இன் பெயரான புக்வெர்ம் என்பதை 13-இன் பெயரான டிரிக்ஸி என்று மாற்றி, புதிய பேக்கேஜ்கள் சேர்க்காத அப்கிரேடை முதலிலும் ஃபுல்-அப்கிரேடைப் பிறகும் ஓட்டி, ரீபூட் செய்யுங்கள். இந்த நிலையில் பழைய போஸ்ட்கிரெஸ் 15 இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அதை அவசரப்பட்டு நீக்காதீர்கள்.

தரவுத்தளத்தில் நுழைந்ததும் கொலேஷன் (எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி) பதிப்பு பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை வரலாம். அந்த விதியைத் தரும் ஜிலிப்சி நூலகம் டெபியன் 12-இல் 2.36, 13-இல் 2.41. எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி மாறியிருந்தால் பழைய விதிப்படி கட்டிய இண்டெக்ஸ்கள் தவறான விடை தரக்கூடும். பிழைச் செய்தி எதுவும் வராது; இருக்கும் பதிவை இல்லை என்று சொல்லும், அல்லது ஒரே மதிப்பு இரண்டு முறை நுழைய விடும். எனவே எச்சரிக்கையை அடக்கிவிட்டு நகராமல், ரீஇண்டெக்ஸ் டேட்டாபேஸ் கொடுத்துவிட்டு, அதன்பின் ஆல்டர் டேட்டாபேஸ் கட்டளையால் கொலேஷன் பதிப்பைப் புதுப்பியுங்கள். டம்ப் முறையில் பதிப்பு மாற்றினால் இண்டெக்ஸ்கள் எப்படியும் புதிதாகக் கட்டப்படும். பழைய கோப்புகளையே இணைக்கும் லிங்க் முறையில் பழையவை அப்படியே வரும்.

எல்லாம் சரியென்றால் அணைத்து இரண்டாவது ஸ்னாப்ஷாட் எடுங்கள். இனி தரவுத்தளப் பதிப்பு மாற்றத்தில் எத்தனை முறை சொதப்பினாலும் இங்கிருந்தே தொடங்கலாம்.

போஸ்ட்கிரெஸ் 17 பேக்கேஜை நிறுவும்போது டெபியன் தானாகவே ஒரு காலி 17 கிளஸ்டரை (தரவுத்தளத் தொகுப்பு) உருவாக்கும். பழையது 5432-இல் இருப்பதால் இது 5433 போர்ட்டில் அமரும். அதை பிஜி-டிராப்கிளஸ்டர் கொண்டு நீக்காமல், பதிப்பு மாற்றும் பிஜி-அப்கிரேட்கிளஸ்டரை ஓட்டினால் ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லி நின்றுவிடும். பலரும் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான்.

முதலில் டம்ப் முறையில் ஓட்டி நேரத்தைக் குறியுங்கள். ரோல்பேக் செய்து, அடுத்து லிங்க் முறையில் ஓட்டுங்கள். லிங்க் முறை தரவைப் பிரதி எடுக்காமல் பழைய கோப்புகளையே புதிய கிளஸ்டருக்கு இணைக்கிறது. பெரிய தரவுத்தளத்திலும் சீக்கிரம் முடியும். புதிய சர்வரை ஒருமுறை தொடங்கிவிட்டால் பழைய கிளஸ்டரைப் பாதுகாப்பாகப் பயன்படுத்த முடியாது. போஸ்ட்கிரெஸே பின்வழி தராத இந்த இடத்தில்தான் ஸ்னாப்ஷாட்டின் முழுப் பயனும் தெரியும்.

ஆனால் இந்த விஎம்மில் அளந்த நேரத்தை அப்படியே நம்ப வேண்டாம். ஸ்னாப்ஷாட் இருக்கும்போது கியூகவ்2, எல்விஎம்-தின் இரண்டிலும் ஒரு பிளாக்கின் மேல் முதல் முறை எழுதும்போது கூடுதல் வேலை இருக்கிறது. விஎம்வேர் டெல்டா சங்கிலியிலும் அப்படியே. எந்த முறை வேகம் என்று ஒப்பிட இது போதும்; சேவை எத்தனை நிமிடம் நிற்கும் என்று நிர்வாகத்திடம் சொல்ல வேண்டிய எண்ணை, ஸ்னாப்ஷாட் இல்லாத முழு குளோனில் அளந்து எடுங்கள்.

கெட்டுப்போனால்: லாக் முதலில், ரோல்பேக் அப்புறம்

ரோல்பேக் பொத்தான் பிழையை அழிக்கும்போது பிழையின் தடயத்தையும் சேர்த்தே அழிக்கும். ஜர்னல் பதிவுகள், போஸ்ட்கிரெஸ் லாக் கோப்புறை, அப்கிரேட் கருவி எழுதிய கோப்புகள், ஆப்ட் வரலாறு ஆகியவற்றை வெளியே எடுத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். தொடக்கத்திலேயே வேறொரு விஎம்முக்கு லாக்குகளை அனுப்பும்படி அமைத்துவிட்டால் இதை நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. செய்த மாற்றங்களையும் விஎம்முக்கு வெளியே ஒரு ஸ்கிரிப்டாக எழுதி வைத்திருங்கள்.

திரும்பிய விஎம்மும் திரும்பாத உலகமும்

விஎம் மட்டும் நேற்றைக்குப் போகிறது. அதைச் சுற்றியுள்ளவை இன்றிலேயே இருக்கின்றன. ஒற்றை விஎம்மைத் தாண்டிய சோதனைகளில் வரும் விசித்திரங்களுக்கெல்லாம் மூலம் இதுதான்.

கடிகாரம். ரேமோடு எடுத்ததற்குத் திரும்பினால் உள்ளிருக்கும் நேரம் பழைய நொடியிலிருந்து ஓடக்கூடும். டெபியனில் நேரத்தை ஒத்திசைக்கும் குரோனியின் இயல்பமைப்பு முதல் மூன்று அளவீடுகளில் மட்டும் நேரத்தைத் தாவ விடும். பிறகு மெதுவாக நகர்த்தும். ரேம் ஸ்னாப்ஷாட்டில் அந்த மூன்றும் எப்போதோ முடிந்திருக்கும், எனவே இரண்டு நாள் வித்தியாசம் சீக்கிரம் சரியாகாது. குரோனிசி மேக்ஸ்டெப் கொடுத்து நீங்களே தாவச் செய்யுங்கள். உள்நுழைவைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் இயல்பாக 5 நிமிட வித்தியாசத்துக்கு மேல் பொறுக்காது. உள்நுழைவு தோற்றால் முதலில் நேரத்தைப் பாருங்கள்.

பிரதிகள். முதன்மை போஸ்ட்கிரெஸை மட்டும் பின்னால் கொண்டுபோனால் அதன் நகலான ஸ்டாண்ட்பை அதைவிட முன்னால் நிற்கும், இணைய மறுக்கும். இரண்டையும் அணைத்து, இரண்டுக்கும் ஸ்னாப்ஷாட் எடுத்து, இரண்டையும் சேர்த்தே திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டாண்ட்பையை பேஸ்பேக்கப்பிலிருந்து மறுபடி கட்ட வேண்டும். பல சர்வர்கள் வாக்களித்து முடிவெடுக்கும் எட்சிடி போன்ற குழுக்களில் ஒரு உறுப்பினரை மட்டும் திருப்பவே கூடாது. தான் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதை அது மறந்திருக்கும். குழுவின் பாதுகாப்பு முழுவதும் அந்த நினைவின் மேல்தான் நிற்கிறது. அந்த உறுப்பினரை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேருங்கள்.

ஆக்டிவ் டைரக்டரி (விண்டோஸ் பயனர், கணினிக் கணக்குகளை நிர்வகிப்பது). அதன் சர்வரான டொமைன் கன்ட்ரோலரைப் பின்னுக்குக் கொண்டுபோனால் யுஎஸ்என் ரோல்பேக் (மாற்ற வரிசை எண் பின்னோக்கிப் போவது) என்கிற நிலை வரும். மற்ற கன்ட்ரோலர்கள் அதன் புதிய மாற்றங்களை ஏற்கெனவே பார்த்தவை என்று தள்ளிவிடும். விண்டோஸ் சர்வர் 2012 முதல் விஎம் ஜெனரேஷன் ஐடி மூலம் இதைக் கண்டுபிடிக்கும் வசதி வந்தது, ஹைப்பர்வைசரும் ஆதரித்தால் மட்டும். டொமைனில் சேர்ந்த சாதாரண சர்வர்களிலும் கவனம் வேண்டும்: கணினிக் கணக்கின் கடவுச்சொல் இயல்பாக 30 நாளுக்கு ஒருமுறை மாறும். பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் டொமைனோடு நம்பிக்கை உறவு முறிந்தது என்ற செய்தி வரலாம்.

படி 7: அழித்தல்

சோதனை முடிந்த அன்றே அழியுங்கள். விஎம்வேர் தரும் வழிகாட்டுதல், ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது. சங்கிலியில் 32 வரை அனுமதி உண்டு, வேகம் கெடாமலிருக்க 2 அல்லது 3-க்கு மேல் போக வேண்டாம் என்பதும் அதே வழிகாட்டுதல்தான். சோதனை விஎம்முக்கு இந்த மணிக்கணக்கு கொஞ்சம் தளர்த்திக்கொள்ளக்கூடியது. ஓடும் சர்வருக்கு அல்ல.

விஎம்வேரில் அழிப்பது என்றால் டெல்டாவில் சேர்ந்தவற்றை மூல டிஸ்க்கோடு இணைப்பது. 200 ஜிபி டெல்டா என்றால் அத்தனையும் படித்து எழுதப்பட வேண்டும், ஸ்டோரேஜ் திணறும். இடையில் நிறுத்தாதீர்கள், டேட்டாஸ்டோருக்குள் போய்ப் பெரிய கோப்பாகப் பார்த்துக் கையால் நீக்கவே கூடாது. பட்டியலில் ஸ்னாப்ஷாட் எதுவும் இல்லாமல், இணைப்பு தேவை என்ற எச்சரிக்கை மட்டும் நின்றால் கன்சாலிடேட் கொடுங்கள். ஸ்னாப்ஷாட் இருக்கும்வரை அங்கே டிஸ்க்கைப் பெரிதாக்கவும் முடியாது. எல்விஎம்-தின்னில் அழிப்பு சட்டென்று முடியும். பெரிய கியூகவ்2 கோப்பில் நேரம் ஆகும், அணைத்து வைத்து அழிப்பது நல்லது.

உண்மையான சர்வரில் செய்யும் நாளில்

அங்கேயும் தொடங்குமுன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கலாம், அணைத்த நிலையில், பேக்கப் முடிந்த பிறகு. ஆனால் பயனர்களை உள்ளே விட்ட நொடியில் அது ஏறக்குறைய காலாவதியாகிவிடும். அதற்குப் பிறகு திரும்பினால் அவர்கள் பதிந்த ஆர்டர்களும் கட்டணங்களும் தொலையும். எனவே பராமரிப்பு நேரம் முடிவதற்கு எத்தனை நிமிடம் முன்பு வரை ரோல்பேக் செய்யலாம், எந்தச் சோதனைகள் தேறினால் கதவைத் திறக்கலாம் என்பதை முன்கூட்டியே எழுதி, முடிவெடுக்கும் ஒருவரையும் குறித்துவிடுங்கள். கதவு திறந்த பிறகு வரும் பிழைகளைப் புதிய பதிப்பில் இருந்தபடியே சரிசெய்ய வேண்டும். ஒரு முழு வேலைநாள் தாண்டியதும் அந்த ஸ்னாப்ஷாட்டை, கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து அழித்துவிடுங்கள்.